பூகம்பம் தோற்ற ஆட்டம்

பூகம்பம் என்ற மல்யுத்த வீரர் தம் வாழ்நாளில் ஒரு தடவையாவது நேர்மையாகத் தோற்றிருக்கிறாரா என்று அந்த ஊரில் யாரிடமாவது கேட்டால், கேட்டவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவர் தோற்கவே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். தோற்றதற்கெல்லாம் காரணம் வைத்திருப்பார்கள். ஒரு தடவை எதிராளி கண்ணில் பொடியைத் தூவினான். இன்னொரு தடவை எவனோ பின்னாலிருந்து நாற்காலியால் அடித்தான். வேறொரு தடவை திடீரென்று விளக்கு அணைந்து, மறுபடி எரிந்தபோது பூகம்பம் கீழே கிடந்தார். நேருக்கு நேர் நின்று அவரை மல்லாத்த ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்பார்கள். கடைசியில் பேச்சு வெட்டுக்கிளி ஆட்டத்தில் வந்து நிற்கும். அங்கே வந்ததும் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஆளைத் திட்டுவார்கள். வெட்டுக்கிளியை அல்ல, அன்றைக்கு மூன்று எண்ணின நடுவரை.

அந்த நடுவர் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிவிட்டது. கோடு போட்ட சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, முட்டைக் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். லாரியில் வந்து இறங்கும் முட்டை அட்டைகளை எண்ணிச் சொல்ல வேண்டும். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, மனிதர் எண்ணுகிற வேலைக்கா போய்ச் சேர வேண்டும்? லாரி ஓட்டுநர்கள் சும்மா விடுவார்களா? "சார், பார்த்து எண்ணுங்க, பூகம்பத்துக்கு எண்ணின மாதிரி எண்ணிடாதீங்க" என்று தினமும் ஒருவராவது சொல்லிவிட்டுத்தான் பின்கதவைத் திறப்பார். முடிதிருத்தும் கடைக்குப் போனால், சவரக்கத்தி தொண்டைக்குழிக்கு வந்ததும் கடைக்காரர் கையை நிறுத்தி, அன்றைக்கு உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்பார். கத்தி அந்த இடத்தில் இருக்கும்போது மனிதன் என்ன பதில் சொல்வான்? நடுவர் கண்ணை மூடிக்கொள்வார். குற்றமுள்ள நெஞ்சு என்று அதற்கும் ஒரு பேச்சு கிளம்பும்.

இங்கே ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்துவிட வேண்டும். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். அந்தத் தொழிலில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதெல்லாம் கோதாவில் முடிவாவதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறைக்குப் பக்கத்து அறையில், ஆட்டம் நடத்தும் முதலாளி காலை நீட்டி உட்கார்ந்து முடிவு பண்ணுவார். பொடி, நாற்காலி, விளக்கு எல்லாம் அவர் கைங்கரியம்தான். பூகம்பத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. அவர் தோற்றாலும் மவுசு குறையக் கூடாது. ஆகவே அவரைத் தோற்க அனுப்பும்போதெல்லாம் கூடவே ஒரு அநியாயத்தையும் துணைக்கு அனுப்பி வைப்பார். பூகம்பமும் சொன்ன இடத்தில் சொன்னபடி விழுவார். விழுந்த வலி மட்டும் நிஜம்.

நடுவருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். பொடி தூவும்போது வேறு பக்கம் திரும்பி நிற்பதும், நாற்காலி வரும்போது குனிந்து ஷூ லேஸ் கட்டுவதும் அவருடைய வேலை. ஆனால் நடுவர்களுக்கென்று அங்கே ஒரே ஒரு சட்டம் இருந்தது. கீழே கிடப்பவனின் இரண்டு தோளும் தரையில் இருந்தால் எண்ண வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் தோளைத் தூக்குவது அவன் பொறுப்பு. தூக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது, அவன் ஜெயிக்க வேண்டியவனாகவே இருந்தாலும் சரி. கூட்டத்துக்குக் கண் இருக்கிறது. எண்ண வேண்டிய கை அந்தரத்தில் நின்றால் தொழிலே நாறிவிடும். இந்தச் சட்டத்துக்கு நிஜமாகவே வேலை வந்தது ஒரே ஒரு நாள்தான்.

வெட்டுக்கிளி என்பவர் அந்தக் கும்பலிலேயே ஒல்லி. எல்லோரிடமும் தோற்பதற்கென்றே சம்பளம் வாங்கினவர். அன்றைக்குப் பூகம்பம் அவரைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கீழே போட்டு ஜெயிக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. பூகம்பம் குனிந்தார், தூக்கினார். பாதி தூக்கும்போது, உடம்போடு ஒட்டிக் கிடந்த அவருடைய சிவப்புக் கால்சட்டையின் பின்பக்கத் தையல் இடுப்பிலிருந்து கீழே வரை டர்ரென்று விட்டது. இரைச்சலில் கூட்டத்துக்கு அது கேட்கவில்லை. பூகம்பத்துக்கோ காற்றுப் பட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. புத்தம் புதுக் கால்சட்டை, அதற்குள்ளே இன்னொன்று நுழைய இடமே இல்லாததால் அவர் எதுவும் போட்டுக்கொண்டு வரவில்லை. மனிதர் மறுயோசனை பண்ணாமல் வெட்டுக்கிளியையும் கட்டிக்கொண்டு மல்லாக்க விழுந்தார்.

மேலே கிடந்த வெட்டுக்கிளி வெலவெலத்துப் போய், தான் என்ன தப்புப் பண்ணினோம் என்று அவர் காதில் கேட்டார். நடுவர் வேறு வழியில்லாமல் குப்புறப் படுத்து விரிப்பைத் தட்டினார். ஒன்று. பூகம்பம் அசையவில்லை. நடுவர் அவரை எழுந்திருக்கச் சொல்லி உதடு அசையாமல் முணுமுணுத்தார். இரண்டு. அவ்வளவு சாவகாசமாக இரண்டு எண்ணின நடுவர் உலகத்திலேயே கிடையாது. கையை ஓங்கியபடியே, "அடிபட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. எந்திரிக்க முடியாது. எண்ணித் தொலை."

நடுவர் இரண்டு தோளையும் பார்த்தார். இரண்டும் விரிப்போடு ஒட்டிக் கிடந்தன. மூன்றாவது தட்டும் விழுந்தது.

கூட்டம் வாயடைத்துப் போனது. பிறகு வாய் திறந்தபோது அது நடுவரின் ஏழேழு தலைமுறையையும் விசாரித்தது. அந்தக் களேபரத்தில் பூகம்பம் உட்கார்ந்தபடியே மூலைக் கம்பம் வரை நகர்ந்து, கம்பத்தில் முதுகை ஒட்டி எழுந்து, கயிற்றைத் தாண்டி, எதிரியை முறைத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து அறைக் கதவு வரை போய்ச் சேர்ந்தார். பார்த்தவர்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தோற்றாலும் எதிரிக்கு முதுகு காட்டாத வீரன் என்று அன்றைக்கே பேர் வந்துவிட்டது.

அறையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த பூகம்பம், நடுவரின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். விஷயம் வெளியே போகக் கூடாது, முக்கியமாகக் கால்சட்டை தைத்த தையல்காரர் காதுக்குப் போகவே கூடாது, தெரிந்தால் அவர் மனமுடைந்து கடையை மூடிவிடுவார் என்றார். நடுவரும் தலையாட்டிவிட்டார். முதலாளி சும்மா இருப்பாரா? நடுவர் துரோகி, கள்ளத்தனமாக எண்ணிவிட்டார் என்று ஊர் முழுக்கச் சுவரொட்டி அடித்து, பழிவாங்கும் ஆட்டம் என்று வரிசையாக நடத்தி அரங்கை நிறைத்தார். நடுவர் மூச்சு விடவில்லை. தொழில் அப்படி.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டிருக்கலாம். ஆனால் நடுவரின் ஒரே மகள், பல் மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவள், லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு பையனை விரும்பினாள். தங்கமான பையன், அதில் சந்தேகமில்லை. ஊரில் வேறு அப்பாவே கிடைக்காத மாதிரி, அவன் அந்தத் தையல்காரருக்குப் போய்ப் பிள்ளையாகப் பிறந்திருந்தான்.

தையல்காரர் பூகம்பத்தின் பரம பக்தர். கடையில் தையல் இயந்திரத்துக்கு மேலே, பூகம்பம் எதிரியை முறைத்தபடி பின்பக்கமாக நடந்து போகும் புகைப்படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. தோற்ற உடுப்பை இனித் தொட மாட்டேன் என்று பூகம்பம் அன்றைக்கே அதை எரித்துவிட்டாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் தையல்காரருக்குக் குரல் கம்மும். அவர் அன்று முன்வரிசையில் உட்கார்ந்து தம் கண்ணால் பார்த்தவர். இடது தோள் விரலளவு தூக்கி இருந்தது, என் கண் அளவெடுக்கிற கண், அது தப்பாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அடித்துச் சொல்வார். அவர்தான் இப்போது ஒரு நிபந்தனை போட்டார். பெண் நல்ல பெண், குடும்பம் நல்ல குடும்பம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெண்ணின் அப்பா என் கடைக்கு வந்து, அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, தப்பாக எண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் கல்யாணப் பேச்சு.

நடுவர் முடியாது என்றுவிட்டார். வீட்டில் சோற்றுத்தட்டு வைக்கிற சத்தமே மாறிப்போனது. மனைவிக்கு அந்தத் தொழிலின் நெளிவு சுளிவெல்லாம் அத்துப்படி. கால்சட்டை சமாசாரம் மட்டும்தான் தெரியாது.

"பொடி தூவினப்ப வேற பக்கம் பார்த்தீங்க. நாற்காலியில அடிச்சப்ப ஷூ லேஸ் கட்டினீங்க. காலமெல்லாம் உடம்பு முழுக்கப் பொய் சொல்லிட்டு, இப்ப பெத்த பொண்ணுக்காக ஒரு பொய் சொல்ல நாக்கு வலிக்குதா?"

"அதெல்லாம் வேலை. நான் எண்ணினதிலேயே நிஜமா எண்ணின மூணு அது ஒண்ணுதான். அதைப் போய்ப் பொய்னு சொல்லச் சொல்றியே."

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த மூன்றை வைத்துக்கொண்டு பேரப்பிள்ளை கொஞ்சுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மகள் சண்டை போடவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று. அவள் அப்பாவின் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, "நீங்க சொல்ல வேண்டாம்பா, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் கண் இருந்த லட்சணத்தை நடுவர் பார்த்தார். தோள் தரையில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பழகின கண் அவருடையது. மகள் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. ஊரே என்னைத் திருடன் என்று சொல்லியாகிவிட்டது, நானும் ஒரு தடவை சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

விடுமுறை நாள் மத்தியானம் மகளைக் கூட்டிக்கொண்டு தையல்கடைக்குப் போனார். கடை என்றால் ஓர் அறை. ஒரு பக்கம் துணி வெட்டும் மேசை, மறுபக்கம் இரண்டு இயந்திரம், நடுவில் ஆள் நிற்க ஓர் ஆள் அகலம் இடம். தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு நீதிபதி மாதிரி நின்றார். அவர் மகன் தரையையே பார்த்துக்கொண்டு மூலையில் நின்றான். நடுவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். படத்தில் பூகம்பம் யாரையோ முறைத்துக்கொண்டு பின்வாங்கிக்கொண்டிருந்தார். எதை மறைக்க இந்த நடை என்று தெரிந்த ஒரே ஆள் அதற்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கப் போகிறார். சிரிப்பு வர வேண்டிய இடம்தான். வரவில்லை.

"நான் அன்னிக்கு..." என்று தொடங்கி, மறுபடி "அன்னிக்கு நான் எண்ணினது..." என்று அங்கேயே நின்றுவிட்டார். முட்டை அட்டை எண்ணும்போதுகூட ஒன்று கூட்டிச் சொல்லத் தெரியாத மனிதர். மகள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, போதும்பா, போகலாம் என்றாள்.

அப்போது கடைவாசல் இருட்டியது. ஓர் ஆள் பக்கவாட்டாகத் திரும்பி உள்ளே நுழைந்தார். தலை நரைத்து, வயிறு முன்னால் வந்து, கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தாலும் பூகம்பம் பூகம்பம்தான். தையல்காரர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்கவும் மறந்து அதோடு சேர்த்துக் கும்பிட்டார். விஷயம் இதுதான். முந்தின நாள் பூகம்பம் பல் பிடுங்கப் போயிருந்தார். வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருந்தவரிடம், நர்ஸ் தன் அப்பா கதையையும் தன் கதையையும், மறுநாள் தையல்கடைக்குப் போகப் போவதையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். அவரால் பதில் பேசவும் முடியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை. முழுவதையும் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

"ரெஃப்ரி சொல்ல வேண்டாம், நான் சொல்றேன்" என்றார் பூகம்பம். "அன்னிக்கு நான் தோத்தது நிஜம். தோள் ரெண்டும் கீழதான் இருந்துச்சு. அவர் சரியாத்தான் எண்ணினாரு."

தையல்காரர் விடவில்லை. இடது தோள் விரலளவு தூக்கி இருந்ததைத் தம் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

"அது தோள் இல்லீங்க, சதை."

நியாயமாகப் பார்த்தால் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தையல்காரர் பக்தர் ஆயிற்றே. அந்த வெட்டுக்கிளியை நீங்கள் சுண்டுவிரலால் தூக்கிப் போட்டிருக்கலாமே, ஏன் எழுந்திருக்கவில்லை என்று கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார். பூகம்பம் நடுவரைப் பார்த்தார். நடுவர் சத்தியத்தை நினைத்து மேல்கூரையைப் பார்த்தார். பூகம்பத்தின் பார்வை மெதுவாக நகர்ந்து தையல் இயந்திரத்தில் போய் நின்றது. மலைபோன்ற ஆட்களைச் சமாளித்தவர், முழங்கை உயரத்தில் நின்ற ஒரு மனிதருக்கு முன்னால் நெளிந்தார்.

"நீங்க தைச்சது... பின்னாடி... விட்டுப் போச்சு" என்றார்.

தையல்காரர் அந்தப் புகைப்படத்தை நிமிர்ந்து பார்த்தார். முறைக்கிற முகத்தைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தினமும் துடைத்து வைத்த படம் அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து நடுவருக்கே பாவமாக இருந்தது. கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்விதான். பக்கத் தையலா, நடுத் தையலா?

நடுத் தையல் என்றார் பூகம்பம்.

"நடுத் தையல் ரெண்டு தடவை ஓட்டினேன். விட வாய்ப்பே இல்ல."

"உங்க தையல் மேல தப்பில்ல. நீங்க அளவெடுத்தப்ப..." பூகம்பம் வீங்கின கன்னத்தைத் தடவிக்கொண்டார். "வயித்தை உள்ள இழுத்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பெருத்துட்டேன்னு முதலாளி கேலி பண்ணிட்டே இருந்தாரு. உங்ககிட்டயும் அளவு கூடிடுச்சுன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு."

இது நடுவருக்கே புதுச் செய்தி. தையல்காரர் மனமுடைவார் என்று வாங்கின சத்தியமெல்லாம் இவர் தொப்பையை மூடி வைக்கத்தானா! அவர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரர் முந்திக்கொண்டார். தெய்வமாக நினைத்த ஆளை அவர் அன்று கேட்ட கேள்விகளைத் தம் மனைவியைக்கூடக் கேட்டதில்லை. தையல்காரனிடம் மூச்சை மறைக்கலாமா, உங்கள் வீம்புக்கு நான் ஒரு நல்ல மனுஷனைக் காலமெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேனே, ஊரைக் கூட்டி வேறு திட்டினேனே என்று கொட்டித் தீர்த்தார். பூகம்பம் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் அவ்வளவு நேர்மையாக அடி வாங்கினதை நடுவர் கோதாவில்கூடப் பார்த்ததில்லை.

கோபம் ஆறினதும் தையல்காரருக்கு ஒரு நப்பாசை வந்தது. அப்படியானால் அன்று ஜெயித்தது என் நூல்தானே, வெட்டுக்கிளி இல்லையே என்று நடுவரிடம் தீர்ப்புக் கேட்டார்.

"நூலோ ஆளோ, தோள் தரையில இருந்துச்சு" என்றார் நடுவர். "நியாயமாத்தான் தோத்தாரு."

"அப்ப மத்த ஆட்டமெல்லாம்? பொடி, நாற்காலி?"

நடுவரும் பூகம்பமும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நடுவருக்குக் குனிந்து ஷூ லேஸைத் தொடக்கூடக் கை போனது. தையல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வேண்டாம், அதைச் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டார். படத்தை மட்டும் கழற்றவில்லை. சட்டம் லேசாகச் சாய்ந்திருந்ததை நேராக்கினார்.

மகளும் பையனும் இதற்குள் வாசலுக்குப் போயிருந்தார்கள். பூகம்பம் வாசலை அடைக்காமல் இருப்பதற்காக மேசை மேல் ஏறி உட்கார்ந்தார். மேசை முனகியது. தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை உருவிக்கொண்டு நடுவர் பக்கம் வந்தார். கல்யாணத்துக்குக் கோட்டு நான்தான் தைப்பேன், நேராக நில்லுங்கள் என்றார். கண்ணைத் தூக்கி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அது என்று நடுவருக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் பேண்ட் வாங்க ஒரு வாடிக்கையாளர் தலையை நீட்டினார். உள்ளே நிற்பது யார் என்று தெரிந்ததும் அவருக்கு வழக்கமான உற்சாகம் பொங்கியது. மேசை மேல் இருந்த ஆளை அவர் கவனிக்கவில்லை. "என்ன டெய்லர், இவருக்கா அளவெடுக்கிறீங்க? நீங்களே எண்ணிக்குங்க, இவரை நம்பிடாதீங்க" என்றார்.

"அவர் எண்ணினது சரிதான்" என்றார் தையல்காரர்.

வாடிக்கையாளர் திகைத்துப் போனார். அந்தக் கடையிலேயே நூறு தடவை இதற்கு நேர்மாறாகக் கேட்டவர் அவர். அப்படியானால் பூகம்பம் ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டார்.

"அது தொழில் ரகசியம். பேண்டுக்கு நாளைக்கு வாங்க."

அவர் போனதும் தையல்காரர் டேப்பை நடுவரின் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். எண்ணைப் பார்த்தார், தலையை ஆட்டினார், மறுபடி தளர்த்திப் பிடித்தார்.

"மூச்சை விடுங்க, சம்பந்தி" என்றார்.

அந்த ஆட்டத்தின் மூன்றாவது தட்டிலிருந்தே பிடித்து வைத்திருந்த மூச்சை நடுவர் அப்போதுதான் விட்டார்.